சங்கத்துப் பழைய கணனி: கையிலுள்ள காசுக்கு எதை மாற்றலாம்?

இடம்பெயர்ந்த குடும்பங்களும் மீளக் குடியேறிய குடும்பங்களும் சேர்ந்து நடத்தும் கமக்காரர் அமைப்புகளிலும், மாதர் சங்கங்களிலும், சனசமூக நிலையங்களிலும் மேசைக் கணனி ஒன்றை இன்று நாம் காணக்கூடியதாக இருக்கிறது. ஏதோவொரு திட்டத்தின் கீழ் கிடைத்ததாக இருக்கலாம்; நகரத்து அலுவலகமொன்று புதியதை வாங்கியபோது தனது பழையதைக் கொடுத்ததாகவும் இருக்கலாம். எப்படி வந்ததாயினும், சந்தாக் கணக்கும் சுழற்சிக் கடன் பதிவும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அனுப்பிய கடிதங்கள் அதில் இருக்கின்றன. பிள்ளைகள் பின்னேரங்களில் வந்து சாதாரண தரப் பரீட்சையின் பழைய வினாத்தாள்களைப் பார்ப்பதும் அதிலேதான்.

அந்தக் கணனி இப்போது மந்தமாகிவிட்டது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்து முடித்தாலும் திரை ஒழுங்காக வந்து சேர்வதில்லை. கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக மூன்று கருத்துக்கள் எழும். "இதை வீசிவிட்டுப் புதிது வாங்குவோம்" என்பார் ஒருவர். "நிறுவனம் எதனிடமாவது கேட்டுப் பார்ப்போம்" என்பார் மற்றொருவர். "கடையில் கொடுத்தால் ஏதாவது போட்டுத் தருவார்கள்" என்பார் மூன்றாமவர். முதலாவதற்குக் காசு இல்லை. இரண்டாவதற்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று தெரியாது. மூன்றாவதிலோ, கடைக்காரர் எதைப் போட்டார், ஏன் போட்டார் என்று சங்கத்தில் எவருக்கும் தெரியாமற் போகிறது.

நான்காவது வழியொன்று உண்டு. கணனியைத் திருத்தும் வேலையைக் கடையிலே தொடங்காமல் எமது சங்கத்து மேசையிலே தொடங்குவதே அது. எதை மாற்றுவது என்பதை விட, எந்த ஒழுங்கில் செலவழிப்பது என்பதே முக்கியமானது. ஒழுங்கு தெரிந்தால் சிறிய தொகையும் பெரிய பலனைத் தரும்.

முதற் செலவு பிரதி எடுப்பதற்கு

1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோளின்போதும், 2009 வரை வன்னியில் இடத்துக்கு இடம் அலைந்தபோதும் காணி உறுதிகளையும், அனுமதிப்பத்திரங்களையும், பிறப்புச் சான்றிதழ்களையும் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. ஒரு தாளைத் திரும்பப் பெறுவதற்கு எத்தனை அலுவலகப் படிகள் ஏறவேண்டும் என்பது எமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்று அந்தப் பத்திரங்களின் படப்பிரதிகள் பல சங்கக் கணனிகளில் இருக்கின்றன. அந்தப் படப்பிரதி மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது என்பது உண்மையே. எனினும் உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவை அதில் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடும் வேலை எவ்வளவோ இலகுவாகும்.

கணனியின் மற்ற எந்தப் பாகம் பழுதடைந்தாலும் கடையில் வாங்கலாம். ஹாட் டிஸ்க் பழுதடைந்தால் அதற்குள் இருந்தவற்றை வாங்க முடியாது. ஆகவே பெட்டியின் ஓர் ஆணியைக் கழற்றுவதற்கு முன்னரே இரண்டு பிரதிகள் எடுத்துவிட வேண்டும். ஒன்று வெளியே இணைக்கும் ஹாட் டிஸ்க்கில் இருக்கட்டும். மற்றது பென் ட்ரைவ் ஒன்றில் இருக்கலாம். ஆனால் பென் ட்ரைவை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. இரண்டில் ஒன்று சங்கக் கட்டடத்துக்கு வெளியே, பொறுப்பான ஓர் அங்கத்தவரின் வீட்டில் இருக்க வேண்டும். வெள்ளமோ தீயோ திருட்டோ ஒரே நாளில் இரண்டையும் கொண்டுபோகக் கூடாது. எடுத்த பிரதியை வேறொரு கணனியில் திறந்து பார்த்த பின்னரே அதனைப் பிரதி என்று சொல்லலாம்.

ஹாட் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டாலோ, நேற்றுத் திறந்த கோப்பு இன்று திறக்க மறுத்தாலோ, அன்றைக்கே பிரதி எடுக்க வேண்டும். அடுத்த கூட்டம் வரை பொறுத்திருக்கக் கூடாது.

ஒடுங்கிய இடம் எது?

வாய்க்காலில் தண்ணீர் மெதுவாக வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முழு வாய்க்காலையும் வெட்டி அகலமாக்குவதில்லை. நடந்து போய்ப் பார்த்து, எந்த இடத்தில் மண் சரிந்து ஒடுங்கியிருக்கிறது என்று கண்டு, அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடுகிறோம். மற்ற இடங்களை எவ்வளவு அகலமாக்கினாலும் அந்த ஒடுங்கிய இடம் விடுகிற அளவு தண்ணீரே வயலுக்கு வந்து சேரும். கணனியும் அப்படித்தான்.

அதில் முக்கியமாக மூன்று பாகங்களைக் கவனிக்க வேண்டும். கணக்குப் பார்க்கும் பாகம் புரோசெசர். வேலை நடக்கும்போது தேவையானவற்றை விரித்து வைக்கும் மேசை ராம். எல்லாவற்றையும் பூட்டி வைக்கும் களஞ்சியம் ஹாட் டிஸ்க்.

விண்டோஸ் 10 உள்ள கணனியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் ஒரு சாளரம் திறக்கும். சிறிதாகத் திறந்தால் அதன் அடியிலுள்ள கூடுதல் விபரத்துக்கான அம்புக்குறியை அழுத்த வேண்டும். இந்த மூன்று பாகங்களும் எத்தனை வீதம் வேலை செய்கின்றன என்று அதில் தெரியும். கணனி திணறும் நேரத்தில் அதனைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் 100 வீதத்தில் நிற்க, புரோசெசர் 20 வீதத்தில் இருந்தால் ஒடுங்கிய இடம் ஹாட் டிஸ்க். ராம் 90 வீதத்தைத் தாண்டி நின்றால் மேசை போதாது. புரோசெசர் மட்டுமே 100 வீதத்தில் நின்றால்தான் அதன் மீது குறை சொல்லலாம். மூன்று நாட்கள், காலையும் மாலையும் இப்படிக் குறித்தால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி எமக்குத் தெளிவாகிவிடும்.

காசில்லாமற் செய்யக்கூடியவை

பாகம் வாங்குவதற்கு முன்னர் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். எமது ஊர்ப் புழுதி காற்றாடியின் இதழ்களில் கம்பளி போலப் படிந்திருக்கும். எறும்புப் புற்றும் பல்லி முட்டையும் இருப்பதுண்டு. மென்மையான தூரிகையால் மெதுவாகத் தட்டியெடுக்க வேண்டும். ஈரத் துணி உள்ளே படக்கூடாது. சூடு ஏறினால் புரோசெசர் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே காற்றோட்டம் சீரானாலே சில கணனிகள் பாதி சுகமடைந்துவிடும்.

தொடங்கும்போது தாமாகவே திறந்துகொள்ளும் தேவையற்ற மென்பொருட்களை நிறுத்த வேண்டும். ஹாட் டிஸ்க் நிறைந்து வழிந்தால் படங்களையும் பாட்டுக்களையும் வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு நாளும் கணனியின் திகதி பழைய ஆண்டுக்குப் போய், இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கின்றனவா? அப்படியானால் உள்ளேயிருக்கும் 2032 என்ற இலக்கமுடைய வட்டமான சிறு பற்றரி செத்துவிட்டது. மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும் அந்தச் சிறு பொருளை மாற்றினாற் போதும்.

ஓர் உதாரணம்

இன்டெல் கோர் ஐ3 4130 புரோசெசர் உள்ள கணனியொன்றை எடுத்துக்கொள்வோம். இது 2013இல் வெளிவந்த நான்காம் தலைமுறை. ராம் 4 ஜிகாபைட். ஹாட் டிஸ்க் 500 ஜிகாபைட். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணனிகளில் இந்த வகை சாதாரணமாகக் காணப்படுவது.

இதில் முதலில் மாற்ற வேண்டியது ஹாட் டிஸ்க். அதற்குள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுழல்கிறது. ஒரு முனை அங்குமிங்கும் ஓடித் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் செக்கனில் நூறிலொரு பங்களவு நேரம் செல்கிறது. கணனி தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள் நடப்பதாலேயே எமக்குத் தேநீர் குடிக்க நேரம் கிடைக்கிறது! எஸ்.எஸ்.டி. எனப்படும் களஞ்சியத்தில் சுழலும் பாகம் எதுவுமில்லை. அதில் ஒரு தேடல் செக்கனில் பத்தாயிரத்தில் ஒரு பங்களவில் முடிந்துவிடுகிறது. 240 அல்லது 256 ஜிகாபைட் அளவுள்ள எஸ்.எஸ்.டி. ஒரு சங்கத்தின் வேலைக்குப் போதும். நான்காம் தலைமுறைக் கணனிக்கு சாட்டா வகையில் இரண்டரை அங்குல அளவுடையதைக் கேட்க வேண்டும். குச்சி போல நீண்ட எம்.2 வகையை வாங்கிவிட்டால் அதைப் பொருத்த இடமிராது.

இரண்டாவது ராம். 4 ஜிகாபைட்டை 8 ஆக்கினால் கடிதமும் கணக்கும் இணையமும் ஒன்றாகத் திறந்து வேலை செய்யலாம். இந்தக் கணனிக்கு டி.டி.ஆர்.3 வகையே பொருந்தும், டி.டி.ஆர்.4 பொருந்தாது. இரண்டுக்கும் வெட்டு இருக்கும் இடமே வேறு. இருக்கும் ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. ஆனால் கணனியில் போட்டிருக்கும் விண்டோஸ் 32 பிட் வகையாக இருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேல் அதனால் பயன்படுத்த முடியாது. முதலில் 64 பிட் வகையைப் போடாமல் ராம் வாங்குவது, கிணறு ஆழமில்லாத இடத்தில் பெரிய பம்ப் பூட்டுவது போன்றதே.

புரோசெசரை மாற்றுவது, படங்களுக்கான தனிக் கார்ட் வாங்குவது, அழகான புதுப் பெட்டி வாங்குவது ஆகியவை சங்க வேலைக்கு வேண்டாதவை. மின்சாரம் வழங்கும் பெட்டி எரிந்துபோனால் அதனை மாற்றத்தான் வேண்டும். ஆனால் டெல், எச்.பி. நிறுவனங்களின் அலுவலக மாதிரிகள் சிலவற்றில் அதன் இணைப்பு வேறு விதமானது. கடையிலுள்ள சாதாரணப் பெட்டி அவற்றுக்குப் பொருந்தாது. பழையதைக் காட்டாமல் வாங்கக் கூடாது.

பாதி விலைக் கணக்கு

எவ்வளவு வரை பழையதில் செலவழிக்கலாம்? அதற்கு ஒரு வரம்பு கட்டிக்கொள்ள வேண்டும். உத்தரவாதத்தோடு விற்கப்படும் பாவித்த கணனி ஒன்றின் விலையை முதலில் விசாரிக்க வேண்டும். எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரோசெசர் உள்ளதாக அது இருக்கட்டும். அந்த விலையின் பாதியைத் தாண்டிப் பழைய கணனிக்குச் செலவழிப்பது நட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்குக்காக ஒரு தொகையைச் சொல்வோம். பாவித்த கணனிக்குக் கடையில் 60,000 ரூபா கேட்கிறார்கள் என்றால் எமது வரம்பு 30,000. எஸ்.எஸ்.டி., ராம், பற்றரி, கூலி எல்லாம் சேர்த்து 22,000 வருகிறதென்றால் பழையதைத் திருத்தலாம். அதோடு மின்வழங்கும் பெட்டியும் தாய்ப்பலகையும் பழுதென்று 37,000 வருகிறதென்றால் நிறுத்திவிட்டுக் காசைச் சேமிப்பதே புத்தி. இவை உதாரணத்துக்கான தொகைகள் மாத்திரமே. உண்மை விலையை மூன்று கடைகளில் எழுத்தில் வாங்க வேண்டும்.

சென்ற வருட விலையை மனதில் வைத்துக்கொண்டு போகவும் கூடாது. இந்தப் பொருட்கள் யாவும் டொலரில் வருகின்றன. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 350 ரூபாவைத் தாண்டியதை நாம் அனுபவித்தோம். 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு நிலையங்கள் நினைவகத்தை அள்ளி வாங்கியதால் ராமின் விலை உலகமெங்கும் ஏறியது. ஆகவே கையிலுள்ள தொகையில் பத்திலொரு பங்கை ஒதுக்கிவைத்துவிட்டு மிகுதிக்கே திட்டம் போட வேண்டும். திட்டத்தில் இல்லாத ஒரு வயரோ, ஓர் ஆணியோ, இன்னொரு பயணச் செலவோ எப்போதும் வந்து சேரும்.

பாவித்த கணனி வாங்குவதாயின் 'ஐ7' என்ற ஒட்டுத்தாளைப் பார்த்து ஏமாறக்கூடாது. அதனைத் தொடர்ந்து வரும் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். ஐ7 2600 என்பது 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை. ஐ3 8100 என்பது எட்டாம் தலைமுறை. பெயரில் முன்னது பெரிது. ஆனால் விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வது பின்னதையே.

விண்டோஸ் பற்றிய கேள்வி

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14இல் நின்றன. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. மேலதிகத் திட்டத்தில் பதிவுசெய்த தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை அது நீட்டப்பட்டது. ஆதரவு நின்றதும் கணனி நின்றுவிடுவதில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. வேலி பிரிந்த தோட்டம் போல அது திறந்து கிடக்கும். விண்டோஸ் 11 நான்காம் தலைமுறையை முறைப்படி ஏற்பதில்லை.

இணையத்தில் இணைக்காமல், கணக்குக்கும் கடிதத்துக்கும் மட்டும் பாவிக்கலாம் என்பது ஒரு வழி. லினக்ஸ் மின்ற் போன்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது இன்னொரு வழி. அதற்குக் காசு வேண்டியதில்லை. 4 ஜிகாபைட் ராமில் ஓடும். லிப்ரெ ஒபிஸ் என்ற இலவச மென்பொருளில் கடிதமும் கணக்கும் செய்யலாம். பென் ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, சங்கத்து அச்சு இயந்திரம் அதில் வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்திய பின்னரே மாற வேண்டும்.

எமது இடங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பழைய கடிதங்களும் அங்கத்தவர் பட்டியல்களும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. புதிய கணனியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் மறைந்து, ஆங்கில எழுத்துக்கள் சிதறிக் கிடப்பது போலத் தோன்றும். கோப்பு பழுதென்று எண்ணி அழித்துவிடக் கூடாது. பாமினி எழுத்துருவையும் பிரதியோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். முக்கியமான பட்டியல்களைச் சிறிது சிறிதாக யூனிகோட்டுக்கு மாற்றிவர வேண்டும். மாற்றிய பின் பெயர்களை ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பது நல்லது. ஒரு பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அலுவலகத்தில் ஒரு நாள் வீணாகும்.

மின்சாரமும் மின்னலும்

புதிய பாகம் போட்ட கணனியை முதலாவது இடியிலேயே இழப்பது பெரும் துயரம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை வழக்கம். அந்தக் காலத்தில் வேலை முடிந்ததும் சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கையும் இணைய வயரையும் கழற்றிவிட வேண்டும். யூ.பி.எஸ். வாங்க முடிந்தால், மின் நின்றதும் கோப்பைச் சேமித்து ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடங்கள் கிடைக்கும். லேசர் அச்சு இயந்திரத்தை அதில் பூட்டக்கூடாது.

மின் கட்டணத்தையும் கணக்கிட வேண்டும். சுமார் 80 வாட் எடுக்கும் கணனி நாளுக்கு 5 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 12 அலகு. அதனை யார் கட்டுவது என்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

காசு எல்லோருடையது, தீர்மானமும் எல்லோருடையதே

கணனி தெரிந்த ஓர் இளைஞரிடமோ யுவதியிடமோ முழுப் பொறுப்பையும் விட்டுவிடுவது இலகு. அவர் வெளிநாடு போனாலோ திருமணமாகி வேறூர் போனாலோ கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். ஆகவே கடைக்கு இருவர் போகட்டும். பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் பொருளாளரிடம் இருக்கட்டும். கடவுச்சொல்லை உறையில் இட்டு ஒட்டித் தலைவரிடம் கொடுத்து வைக்கட்டும். எந்தத் திகதியில் எந்தப் பாகம், என்ன விலைக்கு, ஏன் மாற்றப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் அடுத்த நிர்வாகம் இருட்டில் தடவ வேண்டியதில்லை.

கழற்றிய பழைய ஹாட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவரக் கூடாது. எமது குடும்பங்களின் அடையாள அட்டை இலக்கமும், காணி விபரமும், கடன் விபரமும் அதில் இருக்கின்றன. திகதியெழுதிப் பொதிசெய்து பூட்டி வைத்தால் அது மூன்றாவது பிரதியாகவும் உதவும்.

அடுத்த கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது கணனியில் உள்ளவற்றில், இழந்தால் மீண்டும் பெற முடியாதவை எவை? அவற்றின் பிரதி இன்று யார் வீட்டில் இருக்கிறது?

2. மூன்று நாட்கள் குறித்துப் பார்த்ததில் ஒடுங்கிய இடம் எது?

3. பாவித்த கணனிக்கு மூன்று கடைகளில் சொன்ன விலை என்ன? அதன் பாதி எவ்வளவு? பழையதைத் திருத்த எவ்வளவு?

4. பாமினியில் உள்ள பட்டியல்களை யூனிகோட்டுக்கு மாற்ற எமது பிள்ளைகளில் யார் யார் உதவுவார்கள்?

5. மின் கட்டணத்துக்கும் அடுத்த பழுதுக்கும் மாதந்தோறும் எவ்வளவு ஒதுக்கலாம்?

முதலாவது கேள்விக்கு விடை இல்லாவிட்டால் மற்ற நான்கையும் அன்றைக்கு ஒத்திவைத்துவிட்டு, பிரதி எடுக்கும் வேலையை அன்றே தொடங்குவோம்.